அணையாத திரை

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், குளிர்சாதனம் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் அறையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை எல்லோரும் பாலிசி என்றே கூப்பிட்டார்கள். சேர்ந்த புதிதில் யாரோ கேட்டதற்கு, கம்ப்யூட்டர் பாலிசியெல்லாம் பார்ப்பதுதான் தன் வேலை என்று வாய்க்குள்ளேயே முனகியிருந்தாள். 'கம்ப்யூட்டர்' யார் காதிலும் விழவில்லை. இன்சூரன்சுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைத்து, நர்சுகள் அவளைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பி நடந்தார்கள். கம்ப்யூட்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி போடுகிறவள் எனத் தெரிந்தபோது சிரித்தார்கள், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. எதையுமே மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவள்.

அந்த வேலை காலியாக இருப்பதாக வீட்டில் வந்து சொன்னது அண்ணிதான். அண்ணி மேலே இதய வார்டில் நர்ஸ். "கூச்சப்படறவங்களுக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்கு. மனுஷ முகத்தையே பாக்க வேண்டாம்," என்று சொல்லி, விண்ணப்பத்தையும் தானே வாங்கி வந்தாள்.

இப்போது அண்ணி வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டு வீட்டில் இருந்தாள். அவள் வார்டில் ஒருவர் இறந்துபோயிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கடைசிப் படுக்கை. வார்டு மேஜையில் ஒரு பெரிய திரை உண்டு. எல்லாப் படுக்கைகளின் துடிப்பும் அதில் ஓடும். ஒன்று தவறினால் சிவந்துபோய் அலறும். அலறல் வருவதும் திரைக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான். அன்று விடியும் நேரத்தில் அண்ணி உள்ளறையில் இன்னொருவருக்கு மருந்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தாள். அலறல் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. டிரைவரின் உடம்பு குளிரத் தொடங்கியிருந்தது.

சத்தம் தாங்காமல் நர்சுகள் திரையை அணைத்துவிடுகிறார்கள் என்று முன்பே ஒரு புகார் இருந்தது. அண்ணியும் அதைத்தான் செய்திருப்பாள் என்றது விசாரணைக் குழு. தானாக அணைந்தது என்றாள் அண்ணி. எங்கள் வார்டிலும் அப்படித் தூங்கிவிடுவதுண்டு என்று மற்ற நர்சுகளும் சொன்னார்கள். ஒருத்தியைக் காப்பாற்ற எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று குழு எடுத்துக்கொண்டது. சந்தேகத்தைத் தீர்க்க, கம்ப்யூட்டர் பிரிவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். திரையைத் தானாக அணைக்கும்படி உங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது விதி போயிருக்கிறதா?

அந்தக் கேள்வி பாலிசியிடம் வந்தது. தன் அண்ணி சம்பந்தப்பட்டது, வேறு யாராவது பார்க்கட்டுமே என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாள். இருப்பதை எழுத யாராக இருந்தால் என்ன என்றார் அவர். எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் விதி போடுகிற எடிட்டரை அவள் திறந்தாள். வார்டுக் கம்ப்யூட்டர்களுக்கான பகுதிக்குப் போனாள். திரை, மின்சாரம், தூக்கம் என்று ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் எதிரே 'அமைக்கப்படவில்லை' என்றுதான் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு விதியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கேன்டீனில் அவள் முதுகுக்குப் பின்னால் பேச்சு எழுந்தது. நாத்தனார் கையாலேயே ஆப்பு என்றார்கள். தட்டை வைத்துவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அவள் உட்கார்ந்தால் எழுந்து போனான். அம்மா இருவருக்கும் நடுவில், யாரிடம் என்று தெரியாமல் பொதுவாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அண்ணி மட்டும் எப்போதும்போல் இருந்தாள். அதுதான் பாலிசியால் தாங்க முடியாததாக இருந்தது.

குழு கடைசியாகக் கூடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அண்ணி பாத்திரம் தேய்க்க, பாலிசி பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் குழுவில் என்ன சொல்வது என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன சொல்ல முடியும், நடந்ததைத்தான் திரும்பவும் சொல்ல வேண்டும். வெளியே வந்தேன், கறுப்பா இருந்தது, மௌசைத் தொட்டேன், வந்துடுச்சு.

பாலிசியின் கை நின்றது.

"தொட்டதும் வந்துடுச்சா அண்ணி? பட்டனை அமுக்கலையா?"

"எந்தப் பட்டன்? அதுக்குப் பட்டன் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

பட்டனில் அணைத்த திரை மௌசைத் தொட்டால் எழுந்திருக்காது. தூங்கவைக்கப்பட்ட திரைதான் எழுந்திருக்கும். தூங்கவைப்பது மனிதர் இல்லை, கம்ப்யூட்டர். அண்ணி இதை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். குழுவில் இருந்தவர்கள் மருத்துவர்கள். அவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிய நியாயமில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல. காலையில சீக்கிரம் போகணும்."

மறுநாள் அடித்தளத்தில் வேறு யாரும் வந்திருக்கவில்லை. இந்த முறை அவள் எடிட்டரைத் திறக்கவில்லை. எடிட்டர் காட்டுவது, என்னென்ன விதிகள் இருப்பதாக அதற்குத் தெரியுமோ அவற்றை. அவளுக்கு வேண்டியது, வார்டுக் கம்ப்யூட்டர் உண்மையில் எதற்கெல்லாம் அடிபணிகிறது என்பது. ஒரு வார்டுக் கம்ப்யூட்டரின் அறிக்கையை எடுத்தாள். பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாம் அவளே போட்ட விதிகள், முகம் தெரிந்தவை. அடியில், யாரும் போய்ப் பார்க்காத இடத்தில், பெயர் கிடைக்காதவை என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி. அதற்குப் பெயர் இல்லை, விளக்கம் இல்லை. நீளமான ஒரு பாதையும் கடைசியில் ஒரு எண்ணும். அந்த எண், தொடாமல் எத்தனை நொடி விட்டால் திரை தூங்க வேண்டும் என்பது.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்கள் பல ரகம். மேஜைகளில் பழையதும் புதியதும் கலந்து கிடந்தன. அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற சர்வர்களிலும் அப்படித்தான். எந்த ரகத்துக்கு எந்தெந்த விதி போடலாம் என்று எடிட்டருக்குச் சொல்லிக்கொடுப்பவைதான் டெம்ப்ளேட்டுகள். அவை விதிகள் அல்ல, விதிகளின் பெயர்ச் சீட்டுகள். ஒவ்வொரு ரகத்தோடும் அதற்கான டெம்ப்ளேட்டுக் கட்டு வரும். எல்லாவற்றையும் ஒரு பொது ஃபோல்டரில் வைத்திருப்பார்கள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று தன் கையாலேயே ஒரு டெம்ப்ளேட் எழுதி, விதியும் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைய வார்டுக் கம்ப்யூட்டர்கள் பழைய ரகம். அந்த விதியின் பாஷை அவற்றுக்குப் புரியாது. அதனால் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

புது சர்வர்கள் வந்தபோது பாலிசி அந்த ஃபோல்டரைச் சுத்தம் செய்தாள். பழசும் புதுசும் கலந்து கிடந்தால் குழப்பம் என்று, இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, புது ரகத்தோடு வந்த கட்டை அப்படியே வைத்தாள். மேனேஜர் பாராட்டினார். துடைத்தவற்றில் முன்னவரின் கைவேலையும் போனது. சுவிட்சு மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டால் சுவிட்சு அணைந்துவிடுமா? விதி தன் பாட்டுக்கு இருந்தது. எடிட்டருக்கு மட்டும் அதைப் பார்க்கும் கண் போய்விட்டது. பிறகு வார்டுகளுக்குப் புது ரகக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றுக்கு அந்த பாஷை புரிந்தது. பகலில் யாராவது மௌசைத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆளில்லாத நேரத்தில்தான் திரை கண்ணை மூடும்.

மூலையில், தூக்கிப் போடுவதற்காக வைத்திருந்த பழைய சர்வர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் பழைய டெம்ப்ளேட்டுகளின் பிரதி இருந்தது. முன்னவரின் கோப்பைத் தேடி எடுத்துப் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டு எடிட்டரைத் திறந்தாள். நேற்றுவரை இல்லாத தலைப்பு ஒன்று இப்போது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது. மின்சாரச் சிக்கனம். அதற்கு எதிரே, 'செயலில் உள்ளது'. போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி தப்பித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நினைப்பு அவளை நாற்காலியிலிருந்து கிளப்பியது. எல்லா வார்டிலும் இதே விதிதானே.

மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள். மாடியில் முதலில் வருவது பச்சிளங்குழந்தைகள் வார்டு. மேஜையில் யாரும் இல்லை. கண்ணாடிக்கு உள்ளே ஒரு நர்ஸ் முதுகு காட்டி நின்று, இரண்டு கையிலும் ஒரு பிஞ்சை ஏந்திக்கொண்டிருந்தாள். மேஜை மேல் திரை கறுப்பாக இருந்தது. அதில் பாலிசியின் முகம்தான் தெரிந்தது.

மௌசைத் தொட்டாள். வந்துவிட்டது. சின்னச் சின்ன அலைகள், வரிசையாக, எல்லாம் பச்சை. ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒன்றும் ஆகியிருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது என்பதை அவள் நினைத்துக்கொண்டாள். வந்த வேகத்திலேயே கீழே இறங்கினாள்.

எடிட்டர் அவள் விட்டுப்போனபடியே திறந்திருந்தது. யோசிக்கவில்லை. அந்த விதியை 'அமைக்கப்படவில்லை' என்று மாற்றினாள். எல்லாக் கம்ப்யூட்டர்களும் உடனே வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று கட்டளையும் அனுப்பினாள். அதன் பிறகுதான் மூச்சு விட்டாள்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சகா அப்போதுதான் உள்ளே வந்தார். சர்வர் என்றே அவரைக் கூப்பிடுவார்கள். கேன்டீனில் யார் கூப்பிட்டாலும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, என்ன வேணும் சொல்லுங்க என்று நிற்பார். அவருக்கே அந்தக் கிண்டல் பிடிக்கும். பாலிசி சொன்னதை முழுக்கக் கேட்டார். படத்தைப் பார்த்தார். பிறகு எடிட்டரைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இதை எதுக்கும்மா தொட்ட? இதுக்கு மேல புதுசா ஒரு ரூல் போட்டிருந்தா போதுமே. வார்டெல்லாம் புதுசைக் கேட்டிருக்கும். பழசு அப்படியே சாட்சியா இருந்திருக்கும்."

அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. வாரம் தவறாமல் செய்கிற காரியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

"தோணல," என்றாள்.

"இப்ப இதுல கடைசியா கை வெச்சது யாருன்னு உன் பேரு நிக்கும். இன்னிக்குத் தேதியோட. நீயே வெச்சு நீயே எடுத்தன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

அவர் தப்பாகச் சொல்லவில்லை. பேக்கப்பில் பழையது இருக்குமே என்று கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேக்கப் எடுக்கிற மென்பொருள் பழைய ரகத்துக்கானது. புது சர்வருக்கு மாறியதிலிருந்து அது வெறும் பெட்டியைத்தான் கட்டி வைத்துக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் சொல்லியாகிவிட்டது, அவர் பார்க்கலாம் என்றிருக்கிறார், இதை வெளியே சொல்லிவிடாதே என்றார்.

அவருக்கே திடீரென்று ஞாபகம் வந்தது. டிரைவர் இறந்த வார்டின் கம்ப்யூட்டரை அன்றே கழற்றி, சீல் வைத்து, ஸ்டோரில் பூட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அது நெட்டில் இல்லை. இன்று போன கட்டளை அதற்குப் போயிருக்காது. அது இன்னும் பழைய விதியைச் சுமந்துகொண்டிருக்கும். தனியாக எடுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், குழுவின் கண் முன்னாலேயே தூங்கிவிடும். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாலிசி மேனேஜரின் அறைக்கு ஓடினாள். நடந்ததைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். ஃபோல்டரைத் துடைத்ததை அவள் சொன்ன இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அந்த வேலைக்கு ஒப்புதல் கையெழுத்து அவருடையது. ஸ்டோரிலிருந்து கம்ப்யூட்டரை மதியம் குழு முன்னால் வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

"சார், நெட் கேபிளை மட்டும் சொருகவே கூடாது. சொருகினா அந்த நிமிஷமே ரூல் போயிடும்."

"சரிம்மா. சொல்லிட்டல்ல, விடு."

மதியம் குழு கூடும் அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணியும் பாலிசியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப் பெஞ்சில் இறந்துபோன டிரைவரின் மகள். அப்பாவின் பெரிய கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். மணிக்கட்டில் நிற்காமல் அது முழங்கை வரை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பாலிசி குரலைத் தாழ்த்தி அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோல்டரைத் துடைத்தது தான்தான் என்பதையும். அண்ணி எதிரே இருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் பாலிசியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அந்தக் கையின் சூட்டில் தெரிந்தது.

முதலில் மேனேஜரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். ஆட்கள் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தானும் கூடப் போகலாமா என்று பாலிசி எழுந்தாள். கூப்பிடும்போது வா என்று கதவைச் சாத்தினார்கள். தட்டித் திறந்து உள்ளே போயிருக்கலாம். கையை ஓங்கினாள். பிறகு இறக்கிக்கொண்டாள். தட்டிப் பழக்கமில்லை.

இருவரையும் உள்ளே கூப்பிட்டபோது திரை எரிந்துகொண்டிருந்தது. படுக்கைகளோடு இணைப்பு இல்லாததால் எல்லாக் கட்டங்களிலும் தட்டையான கோடுகள். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஒரு நீலக் கேபிள் புறப்பட்டு, கம்பளத்தின் மேலாகச் சுவருக்குப் போனது.

பாலிசி அந்தக் கேபிளையே பார்த்தாள்.

"நெட் இல்லாம லாகின் ஆகலம்மா. அதான் சொருகினோம்," என்றார் மேனேஜர். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

நெட் இல்லாமலும் ஆகும். முன்பு உள்ளே வந்துபோனவர்களின் பாஸ்வேர்டை அந்த ரகம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும். வார்டின் பாஸ்வேர்டைப் போட்டிருந்தால் போதும். பல வருஷம் இந்த வேலையில் இருப்பவர் அவர். அவருக்கு அது தெரியுமா, அந்த நேரத்தில் மறந்துபோனதா என்று அதற்குப் பிறகு எத்தனை யோசித்தும் அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

குழுத் தலைவி மூத்த மருத்துவர். கெட்டவர் இல்லை. தானாக அணையும் என்கிறீர்கள், பொறுத்துப் பார்ப்போம் என்றார். இனி அது அணையாது, கேபிள் சொருகியதும் விதி போய்விட்டது என்று பாலிசி சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். போட்டோவைக் காட்டினாள். போட்டோவில் அன்று காலைத் தேதிதான் இருந்தது. எடிட்டரில் அவள் பெயர் இருந்தது. சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். படத்தைப் பார்த்தேன், விதியை நேரில் பார்க்கவில்லை என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

"அப்படி ஒரு விதி இல்லைன்னு எழுதிக் குடுத்ததும் நீங்கதானே?" என்றார் தலைவி.

"ஆமா."

"இன்னிக்கு இருந்துச்சுன்னு சொல்றதும் நீங்க."

"ஆமா."

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணி. நான் நாத்தனார்."

தலைவி அதை எழுதிக்கொண்டார். ஆனாலும் அவசரப்படவில்லை. காத்திருப்போம் என்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் மௌசைத் தொடவில்லை. கோப்பைகளில் காபி ஆறி ஏடு கட்டியது. மேனேஜர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணையாது என்று அவளிடமும் சொல்லியாகிவிட்டது. இருந்தும் பார்த்தாள். கடைசிப் படுக்கையின் கட்டத்தில் தட்டைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. திரை பளிச்சென்று இருந்தது. அணையவே இல்லை.

ஒருவர் தொண்டையைச் செருமினார். போதும் என்றார் தலைவி.

அண்ணிக்கு வேலை போனது. நர்ஸ் பதிவையும் ரத்து செய்யச் சொல்லி நர்சிங் கவுன்சிலுக்கு எழுதிவிட்டார்கள். இனி எந்த ஆஸ்பத்திரியிலும் சேர முடியாது. முன் அனுமதி பெறாமல் விதியை மாற்றியதற்காக பாலிசிக்கு ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் பிரிவின் இறுதிப் பதிலாக, எங்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு விதியும் இல்லை என்ற பழைய வரியையே திரும்பவும் அடித்து, கையெழுத்துக்கு நீட்டினார் மேனேஜர். பாலிசி படித்துப் பார்த்தாள். அன்று எழுதியபோது அது பொய்யாக இருந்தது. இப்போது உண்மையாகிவிட்டது. பேனாவை மூடி அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். அவர் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். லாக்கரில் இருந்த சாமான்களை அண்ணி ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். வார்டுக்குள் மட்டும் போடுகிற வெள்ளைச் செருப்பின் குதி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பையை வாங்கிக்கொள்ளலாமா என்று பாலிசி இரண்டு மூன்று தடவை கையை நீட்டப் போனாள்.

"குழந்தைங்க வார்டுல இப்ப அணையறதில்லையே?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்ல அண்ணி."

"நல்லா பாத்தியா?"

"கிளம்பறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

அண்ணி தலையாட்டினாள். அங்க ஒருத்திதான் இருப்பா, பாவம், என்றாள். பிறகு பஸ் வந்தது.

வீட்டுக் கதவை அண்ணன் திறந்தான். கேட்க வேண்டியதை அண்ணியின் முகத்திலும், கையில் இருந்த பையிலும் பார்த்துக்கொண்டான். அண்ணி உள்ளே போக ஒதுங்கி வழிவிட்டான். அவள் போனதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பழையபடி நின்றுகொண்டான். பாலிசி வாசலிலேயே குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு வாரை அவிழ்த்தாள். அடுத்ததை அவிழ்க்காமல் வெகு நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.